சாங்தாங்கில் ஒரு டவர்

லே நகரிலிருந்து தென்கிழக்கே போகும் சாலை உப்ஷியில் பிரிகிறது. ஒன்று மலையேறி மணாலிக்குப் போகிறது. மற்றொன்று சிந்து நதியைப் பிடித்துக்கொள்கிறது. நாங்கள் நதியோடு போனோம். ஒரு வளைவில் மலைச்சுவர் செங்காவியாக இருக்கிறது, அடுத்த வளைவில் கருநீலம், அதற்கடுத்து வெளிறிய பச்சை. மரம் என்று ஒன்றுகூடக் கிடையாது. சுமதாங்கில் ஆற்றங்கரையிலேயே வெந்நீர் ஊற்று பொங்குகிறது. ஆற்றில் கை வைத்தால் விரல் மரத்துப்போகிறது. சற்றுத் தள்ளி மணலைத் தொட்டால் சுடுகிறது. மாஹே பாலத்தில் பர்மிட்டைக் காட்டிவிட்டு நியோமாவைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு திடீரென்று விரிந்து, கண்ணுக்கு எட்டியவரை வெறும் வெளியாகிவிடுகிறது. சாங்தாங் பீடபூமி. கடல் மட்டத்திலிருந்து நான்காயிரம் மீட்டருக்கு மேல் நிற்கிறோம் என்பதைப் பத்தடி வேகமாக நடந்தால் நெஞ்சு சொல்லிவிடும்.

கியாங் என்னும் காட்டுக் கழுதைகள் கூட்டமாக நின்று எங்கள் வண்டியைப் பார்த்தன. சாங்பா மேய்ப்பர்களின் ரெபோ கூடாரம் ஒன்று தொலைவில் கறுப்பாகத் தெரிந்தது. மாட்டினத்து யாக்கின் மயிரால் நெய்தது. பஷ்மினா ஆடுகள் இவர்களுடையவை. குளிர் முப்பது டிகிரி சுழியத்துக்குக் கீழே போகும் இந்த மேட்டில் வளர்வதால்தான் அந்த ஆட்டுக்கு அவ்வளவு மெல்லிய அடிமயிர் முளைக்கிறது.

வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் இருந்தால்தான் பேச்சு. அதுவும் லேயை விட்டு வந்தபின் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். லோமாவுக்கு அப்பால் ஓரிடத்தில் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டினார். “இந்த வளைவுலதான் சார் டவர் எடுக்கும். வீட்டுக்குப் பேசணும்னா பேசிருங்க” என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார். கைபேசியில் இரண்டு கோடுகள் வந்தன. எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். ஒரு கல் மேட்டின் மேல் மெலிந்த கம்பிக் கோபுரம், அதன் காலடியில் சூரியத் தகடுகள் வரிசையாக.

கைபேசிக் கோபுரத்தின் ரேடியோ நிலையமான பேஸ் ஸ்டேஷனில் சிக்னலை வலுவாக்கும் பவர் ஆம்ப்ளிஃபயரை வடிவமைப்பதில்தான் என் உழைப்புக்காலம் முழுவதும் போயிற்று. ஆய்வகத்து மேஜையில், குளிரூட்டிய அறையில், அளவுக் கருவிகளின் நடுவே இருந்துதான் எனக்கு அந்த ஆம்ப்ளிஃபயரைத் தெரியும். ஒரு விழுக்காடு திறன் கூடினால் கைகொடுத்துக்கொள்வோம். அந்த ஒரு விழுக்காடு யாருக்கு என்ன தருகிறது என்று நேரில் பார்த்ததில்லை. ஓட்டுநரிடம் சொல்லி மேட்டின் மேல் ஏறினேன்.

வேலிக்குள் ஓர் இளைஞர் நீண்ட துடைப்பத்தால் தகடுகளின் மேல் படிந்திருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். “ஜூலே!” என்றேன். “ஜூலே, ஜூலே!” என்று சிரித்தார். லேக்காரர், டெக்னீஷியன். இந்தப் பக்கத்துக் கோபுரங்களைச் சுற்றிவந்து பார்ப்பது அவர் வேலை. நான் எந்தத் தொழில்காரன் என்று தெரிந்ததும் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினார்.

கோபுரத்தில் பாதி உயரத்தில் ஒரு டிஷ், அடுத்த மலைமுகட்டைப் பார்த்தபடி. உச்சியில் ஆண்டெனாக்கள், அவற்றின் முதுகுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் இரண்டு ரேடியோ பெட்டிகள். கீழே பாட்டரிப் பெட்டி, ரெக்டிஃபயர், தார்ப்பாய் போர்த்திய டீசல் ஜெனரேட்டர். வெயில் இருக்கும்வரை தகடு, பிறகு பாட்டரி, இரண்டும் கைவிட்டால் டீசல். ஸ்ரீநகரிலிருந்து லேவுக்கு 220 கிலோவோல்ட் மின்தடம் 2019இல் திறக்கப்பட்டது. அந்த மின்சாரம் இந்தக் கல்மேடுவரை வந்து சேரவில்லை. டீசல் வர வேண்டுமென்றால் லாரி கணவாய் ஏற வேண்டும். குளிர்காலத்தில் பனி விழுந்தால் ஏறியதெல்லாம் அங்கேயே நிற்கும்.

ஆகவே இங்கே ஒவ்வொரு வாட்டுக்கும் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் ஆகப் பெரிய பங்கு, உச்சியில் இருக்கும் அந்தப் பெட்டிக்குள்ளே ஓடும் பவர் ஆம்ப்ளிஃபயருக்குத்தான். ஒரு பேஸ் ஸ்டேஷன் தின்னும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் அது ஒன்றே தின்றுவிடும் என்பது எங்கள் துறையில் எல்லாருக்கும் பாடமான செய்தி. அதில் கணிசமான பகுதி ஆண்டெனாவைத் தொடுவதே இல்லை. வெப்பமாகப் போய்விடுகிறது.

ஏன் அப்படி? 4ஜி சிக்னலின் இயல்பே காரணம். 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு 4ஜி சிக்னலில் 1,200 துணை அலைகள் ஒன்றாகப் போகின்றன. பெரும்பாலான நேரம் ஒன்றின் ஏற்றத்தை மற்றொன்றின் இறக்கம் சமன்செய்து, கூட்டுத்தொகை மிதமாகவே இருக்கும். எப்போதாவது ஒரு கணத்தில் பல அலைகள் ஒரே திசையில் எழும். அப்போது உச்சம் சராசரியைப்போல் பத்து மடங்கு சக்திவரைகூடப் போகும். அந்த உச்சத்தை வெட்டிவிட்டால் சிக்னல் கெட்டுவிடும், பக்கத்து அலைவரிசைக்காரருக்கும் தொல்லை. எனவே ஆம்ப்ளிஃபயரை அந்த உச்சத்துக்கு ஏற்றாற்போல் கட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் ஆம்ப்ளிஃபயரோ தன் முழு வலுவில் இயங்கும்போதுதான் சிக்கனமாக இருக்கும். கல்யாணத்துக்கு வாங்கிய அண்டாவில் நாள்தோறும் இரண்டு பேருக்கு உலை வைப்பதுபோல, விறகெல்லாம் அண்டாவைச் சூடாக்கவே போய்விடும்.

இதற்கு ஒரு விடை உண்டு. அது 4ஜிக்கும் கைபேசிக்கும் டிரான்சிஸ்டருக்கும் முந்தியது.

டெக்னீஷியன் கோபுரத்தடியில் இருந்த கருவி அறையான ஷெல்டருக்குள் கூட்டிப்போய் ஒரு மூலையைக் காட்டினார். கழித்துப்போட்ட பழைய ரேடியோ பெட்டி ஒன்று. உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க மூடியைக் கழற்றி வைத்திருந்தார். குனிந்து உட்கார்ந்தோம். பெட்டியின் முதுகு முழுவதும் கட்டைவிரல் உயரத்துக்கு அலுமினியத் தகட்டு வரிசை, சூட்டைக் காற்றுக்குக் கொடுப்பதற்கு. உள்ளே ஒரு பாதி வெள்ளி பூசிய குழிகள், அவை வடிகட்டி. மறு பாதியில் பலகை. அதன் ஓரத்தில் செம்புத் தட்டில் இறுக்கிய இரண்டு டிரான்சிஸ்டர்கள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று மற்றதைவிடச் சற்றுப் பெரியது. இரண்டிலிருந்தும் அகலமான செம்புப் பட்டைகள் புறப்பட்டு ஓரிடத்தில் கூடின. கூடும் முன், சிறியதன் பட்டை மட்டும் ஒரு வளைவு வளைந்து கூடுதலாக இரண்டரை சென்டிமீட்டர் ஓடியது.

“இது எதுக்கு சார் இப்படிச் சுத்திப் போகுது? நேராப் போட்டிருக்கலாமே?” என்று அந்த வளைவின் மேல் விரல் வைத்துக் கேட்டார்.

நான் அவரைக் கட்டிக்கொள்ளாத குறை. கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். அந்த வளைவுக்கு ஒரு பெயர் உண்டு: டோஹர்ட்டி.

வில்லியம் டோஹர்ட்டி ஹார்வர்டில் படித்தவர். 1929இல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். அப்போது வானொலி நிலையங்கள் 50 கிலோவாட் சக்தியை எட்டிக்கொண்டிருந்தன. வானொலியிலும் அதே தொல்லை: பாட்டு உச்சத்துக்கு ஏறும் கணத்துக்காகக் கட்டிய டிரான்ஸ்மிட்டர், மற்ற நேரமெல்லாம் மின்சாரத்தை வெறும் வெப்பமாக்கிக்கொண்டிருந்தது. உள்ளே போன மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அலையாக வெளியே வந்தது. டோஹர்ட்டி 1936இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரே ஆம்ப்ளிஃபயரை இரண்டாகப் பிரித்தார். 60 விழுக்காட்டுக்கு மேல் திறன் கிடைத்தது. அடுத்த ஆண்டே வானொலிப் பொறியாளர் கழகத்தின் மோரிஸ் லீப்மன் பரிசு அவருக்குக் கிடைத்தது. அப்போது ஏறக்குறைய முப்பது வயது.

இரண்டாகப் பிரித்தார் என்றால் வேலையைச் சரிபாதியாகப் பங்கிட்டார் என்று பொருளல்ல. சிக்னல் தாழ்ந்திருக்கும்போது முதல் ஆம்ப்ளிஃபயர் மட்டும் இயங்கும். இரண்டாவது முழுத் தூக்கத்தில் இருக்கும். முதலாவதன் எதிரே உள்ள மின்சுமையை வேண்டுமென்றே இரட்டிப்பாக வைத்திருப்பார்கள். அதனால் சிக்னல் பாதி உயரம் வரும்போதே அது தன் மின்னழுத்த உச்சத்தைத் தொட்டுவிடும். அந்த உச்சத்தைத் தொட்டு நிற்கும் ஆம்ப்ளிஃபயர்தான் வீணடிக்காமல் வேலை செய்யும். சிக்னல் இன்னும் எழுந்தால் இரண்டாவது விழித்துக்கொள்ளும். அது செலுத்தும் மின்னோட்டம், அந்தச் சுற்றிப்போகும் பட்டையின் வழியாக முதலாவதன் சுமையைத் தளர்த்திக்கொடுக்கும். முதலாவது தன் மின்னழுத்த உச்சத்தை விட்டு இறங்காமலேயே கூடுதல் மின்னோட்டம் தரும். பட்டை கால் அலைநீளம் இருந்தால்தான் இந்தத் தலைகீழ் உறவு நடக்கும். கணக்குப்படி, முழுச் சக்தியிலும் சரி, அதில் கால்வாசிச் சக்தியிலும் சரி, ஒரே 78.5 விழுக்காடு. டோஹர்ட்டி இல்லாமல் விட்டால் கால்வாசிச் சக்தியில் அது பாதியாகிவிடும்.

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் டபிள்யூ.எச்.ஏ.எஸ். என்ற வானொலி நிலையம் 1938இல் 50 கிலோவாட் டோஹர்ட்டி டிரான்ஸ்மிட்டரை நிறுவியது. அதற்கு முந்தைய ஆண்டு, 1937 ஜனவரியில், ஒஹாயோ நதி பெருகி அந்த நகரமே மூழ்கியபோது, எந்தத் தெருவில் யார் சிக்கியிருக்கிறார்கள், படகு எங்கே போக வேண்டும் என்று நாள்கணக்கில் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருந்த நிலையம் அது. அதன் அலைவரிசையில் கால் அலைநீளம் என்பது தொண்ணூறு மீட்டர். அவ்வளவு நீளக் கம்பியை அறைக்குள் வைக்க முடியாது. சுருளும் கெப்பாசிட்டரும் வைத்து அதே விளைவை உண்டாக்கினார்கள். வால்வுகளோ மிகப் பெரியவை. அதே சுற்று இப்போது சாங்தாங்கில் ஒரு கல்மேட்டில், விரலின் இரண்டு கணு நீளத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது. இதை அந்த இளைஞரிடம் சொல்லும்போதே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பல்லாண்டு அந்தச் சுற்றை வரைந்தவன்தான், ஆனாலும் இங்கே, இந்தக் காற்றில் நின்று சொல்லும்போது புதிதாகத் தெரிந்தது.

டிரான்சிஸ்டர் வந்தபின் டோஹர்ட்டியை நெடுங்காலம் யாரும் கைபேசிக் கோபுரத்தில் தொடவில்லை. அது சிக்கனமானது, ஆனால் சிக்னலைச் சற்றுக் கோணலாக்கும். கோணலைப் பொறுக்காத சிக்னல்களுக்கு அதைக் கொடுக்க முடியாது. 2000க்குப் பிறகு சிப்புகள் போதிய வேகம் பெற்றதும் ஒரு வழி பிறந்தது. ஆம்ப்ளிஃபயர் எந்தப் பக்கம் எவ்வளவு கோணலாக்கும் என்று நொடிக்கு நொடி அளந்து, அதற்கு நேர் எதிர்க் கோணலை முன்கூட்டியே சிக்னலில் சேர்த்து அனுப்பினார்கள். இரண்டு கோணலும் சேர்ந்து வெளியே வருவது நேர். டிஜிட்டல் ப்ரீடிஸ்டார்ஷன் என்பது இதுதான். அது வந்த பிறகுதான் டோஹர்ட்டி உலகமெங்கும் கோபுரம் ஏறினார்.

டிரான்சிஸ்டரின் மேல் தட்டைச் சுட்டி, “இது காலியம் நைட்ரைடு” என்றேன். அவருக்கு அது தெரிந்திருந்தது, பயிற்சியில் சொன்னார்களாம். இன்னொன்று தெரிந்திருக்கவில்லை. நீல எல்.இ.டி.யைச் செய்ததற்காக அகாசாகி, அமானோ, நாகாமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்ததே, அந்த எல்.இ.டி.யும் இதே பொருள்தான். வெள்ளை எல்.இ.டி. விளக்கின் அடியில் இருப்பதும் அந்த நீலச் சில்லுதான். கீழே ரெபோ கூடாரத்தில் சூரிய விளக்கு எரிகிறதல்லவா, அந்த வெளிச்சமும் கோபுர உச்சியில் இருந்து வரும் சிக்னலும் ஒரே படிகக் குடும்பம். 48 வோல்ட்டைத் தயங்காமல் தாங்குகிறது, சின்ன இடத்தில் அதிகச் சக்தி தருகிறது, சூட்டுக்கு அஞ்சுவதில்லை. “அப்ப பாட்டியோட விளக்கும் இதுவும் சொந்தக்காரங்க!” என்றார். அவருடைய பாட்டி ஹன்லே பக்கம் ஆடு மேய்ப்பவராம்.

பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டோம். பழைய முறை ஆம்ப்ளிஃபயர் 20 விழுக்காடு திறனில் 40 வாட் வெளியே அனுப்ப 200 வாட் வாங்கும். டோஹர்ட்டி 45 விழுக்காட்டில் ஏறத்தாழ 90 வாட்டோடு முடித்துக்கொள்ளும். ஒன்றுக்கு 110 வாட் மிச்சம். மூன்று செக்டர், அதாவது மூன்று திசை, உள்ள ஒரு கோபுரத்தில் செக்டருக்கு இரண்டு என ஆறு ஆம்ப்ளிஃபயர் முழுச் சுமையில் ஓடினால் 660 வாட். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 16 யூனிட். இங்கே அடிக்கும் வெயிலில் 330 வாட் தகடு ஒன்று நாளுக்கு ஐந்து மணி நேரக் கணக்கில் தருவது 1.65 யூனிட். பத்துத் தகடு! ஜெனரேட்டரில் எடுப்பதென்றால் நாளுக்கு ஐந்து லிட்டர் டீசல். தாளைத் திருப்பி என்னிடம் காட்டி, “இந்த அஞ்சு லிட்டரைத்தான் சார் நான் பனியில தூக்கிட்டு ஏறுவேன்” என்றார். ஆய்வகத்தில் எங்களுக்கு யாரும் இதை இப்படிச் சொல்லித் தந்ததில்லை.

முன்பெல்லாம் ரேடியோ கீழே ஷெல்டரிலும் ஆண்டெனா உச்சியிலும் இருக்கும். நடுவே தடித்த கேபிள். ஏறும் வழியிலேயே பாதிச் சக்தியைக் கேபிள் விழுங்கிவிடும். ரேடியோவின் சூட்டைத் தணிக்கக் கீழே ஏ.சி. வேறு. பெட்டியை உச்சிக்கே ஏற்றி, சிக்னலுக்கென்று கண்ணாடி இழையை மட்டும் கீழிருந்து விட்டதும் அந்த இழப்பு போயிற்று. ஆனால் இந்த உயரத்தில் வேறொரு சிக்கல் இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான், அதனால் அலுமினியத் தகடுகளிலிருந்து சூட்டை வாங்கிக்கொள்ளும் வலு காற்றுக்குக் குறைவு. குளிர் பிரதேசம்தானே என்று விட்டுவிட முடியாது. நடுப்பகல் வெயில் பெட்டியை நேராகச் சுடும். மெலிந்த காற்றில் சூடு அப்படியே தங்கும். சூடு ஏறினால் திறன் இறங்கும்.

பாட்டரிக்கோ எதிர்த் தொல்லை. லித்தியம் பாட்டரியைச் சுழியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, உள்ளே உலோகம் படிந்து கெட்டுவிடும். அதனால் பாட்டரிப் பெட்டிக்குள் ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். அதற்கும் மின்சாரம் வேண்டும். உச்சியில் வேண்டாத சூடு, அடியில் சூட்டுக்குத் தவிப்பு, நடுவில் முப்பது மீட்டர் கம்பி. இளைஞர் மேலேயும் கீழேயும் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இதற்கு விடை என்னிடமும் இல்லை. சூரியத் தகடு ஒன்றுதான் குளிரை விரும்பி வரவேற்கிறது. குளிரக் குளிர சிலிக்கனின் மின்னழுத்தம் ஏறும்.

இரவு ஹன்லேயில் தங்கினோம். வீட்டுக்கார அம்மா, ஆமா-லே, உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். கோப்பை காலியாக அவர் விடுவதில்லை. வீட்டு ஜன்னல்களில் தடித்த கறுப்புத் திரை. ஹன்லேயைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டர் 2022 முதல் இருள்வானக் காப்பகம். வெளிச்சம் வெளியே கசியக் கூடாது. ஊரில் 4,500 மீட்டர் உயரக் குன்றின் மேல் இந்திய வானியல் ஆய்வகம் இருக்கிறது. அங்குள்ள இரண்டு மீட்டர் தொலைநோக்கிக்கு நம்முடைய வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர். அதை இயக்குபவர்கள் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹோஸ்கோட்டேயில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் வழியே திருப்புகிறார்கள். வெளியே வந்து நிமிர்ந்தேன். பால்வீதி ஓர் அடிவானத்திலிருந்து மறு அடிவானம்வரை கிடந்தது. நட்சத்திரங்கள் கண்சிமிட்டவே இல்லை, அவ்வளவு நிலையான காற்று. பயிற்சி பெற்ற ஊர்ப் பெண் ஒருவர் சிறு தொலைநோக்கி வழியாக சனியின் வளையத்தைக் காட்டினார்.

அந்த நேரத்தில் நான் நினைத்தது கல்மேட்டுக் கோபுரத்தை. நள்ளிரவில் யாரும் பேசாதபோதும் 4ஜி ரேடியோ சும்மா இருக்க முடியாது. ஒவ்வொரு மில்லி நொடியிலும் பதினான்கு துண்டுகளில் நான்கிலாவது ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அறிவித்தாக வேண்டும். மீதித் துண்டுகளில், ஒவ்வொன்றும் 71 மைக்ரோ நொடி, ஆம்ப்ளிஃபயரை அணைத்துவைக்கலாம். இப்போதைய ரேடியோக்கள் அணைக்கின்றன. ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கில் நடக்கும் இந்தத் தூக்கமும் விழிப்பும் பேசுகிறவர் காதுக்கு எட்டுவதே இல்லை. 5ஜியை வகுத்தவர்கள் இதை நினைவில் வைத்து, அந்த அறிவிப்பை இருபது மில்லி நொடிக்கு ஒருமுறை போதும் என்று தளர்த்தினார்கள். ஆளில்லாத வெளியில் நிற்கும் கோபுரத்துக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை என்பேன். நகரத்தில் 64 ஆம்ப்ளிஃபயர் கொண்ட பெரிய பலகைகளைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. இந்தத் தளர்வைப் பற்றி எழுதுபவர் குறைவு.

மறுநாள் திரும்பும் வழியில் அந்த இளைஞர் சாலையோரம் நின்று கை காட்டினார். பழுதான ரேடியோ ஒன்றை இறக்கியிருந்தார்கள். நியோமாவரை கொண்டுபோய்ச் சேர்த்தால் அங்கிருந்து லேக்கு லாரி கிடைக்கும். “மல்லாக்க வைக்காதீங்க சார், தகடு வளைஞ்சிடும்” என்று சொல்லிச் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே அதைப் பக்குவமாக நிறுத்தினார். வழியெல்லாம் கணக்குத்தான். பழைய பெட்டிக்கு மாற்றாக வந்திருப்பது புதிய தலைமுறை; முன்பு இரண்டு செக்டருக்கு வேண்டியிருந்த மின்சாரத்தில் இப்போது ஏறக்குறைய மூன்று ஓட்டலாம். தகடு ஒன்றுகூடக் கூட்ட வேண்டியதில்லை. மூன்றாவதைத் தெற்கே, மேய்ப்பர்கள் பனிக்காலத்தில் ஆடுகளோடு இறங்கும் சமவெளியைப் பார்க்கத் திருப்பப்போகிறார்களாம். தாங்குகம்பியை ஏற்கெனவே மேலே மாட்டிவிட்டார். கணவாய் மூடுவதற்குள் மூன்றாவதற்கான பெட்டி வந்து சேர வேண்டும், அதற்காக லேக்கு அன்று மட்டும் எத்தனையோ முறை பேசிவிட்டார். நியோமாவில் இறங்கியதும், சாக்கு மூட்டையைத் தொடுவதற்கு முன், மறுபடி அந்த எண்ணைத்தான் போட்டார்.